கன்யே தெற்கு (போட்ஸ்வானா): 1969-ல் துணை ஜனாதிபதியே தோற்ற தொகுதி, அட்டவணையில் எப்படிக் காட்டுவது?

வாக்குப்பெட்டி:
போட்ஸ்வானா தேர்தல் முடிவுகளைத் தொகுதிவாரியாக அடுக்கி வருகிறேன். கன்யே தெற்கில் கணக்கு இடிக்கிறது. 1965-ல் பி.டி.பி. (போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி, அன்றைய ஆளுங்கட்சி) சார்பில் குவெட் மசிரே வென்றார். 1969-ல் பி.என்.எஃப். (போட்ஸ்வானா தேசிய முன்னணி) வேட்பாளராக நின்ற இரண்டாம் பத்தோயெனிடம் தோற்றார். ஆனால் 1969-க்குப் பிறகும் துணை ஜனாதிபதிகள் பட்டியலில் மசிரே பெயர்தான் இருக்கிறது. இடைத்தேர்தல் நடந்ததா? அப்புறம், பரம்பரைத் தலைவரான பத்தோயென் ஓர் இடதுசாரிக் கட்சியில் எப்படி வந்து சேர்ந்தார்? 1965 முதல் இன்றுவரை இதை ஒரே தொகுதியாக ஒரே வரிசையில் எழுதலாமா?

மறுஎண்ணிக்கை:
இடைத்தேர்தல் இல்லை. மசிரே நாடாளுமன்றத்துக்குத் திரும்பி வந்தது ‘சிறப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்’ என்ற வழியில். தொகுதி உறுப்பினர்கள் போக இன்னும் 4 பேரை ஜனாதிபதி முன்மொழிய, நாடாளுமன்றச் சபை தேர்ந்தெடுக்கும். (2016-ல் அது 6 ஆனது.) பி.டி.பி.க்கு அன்று 31-ல் 24 இடம், ஆகவே தடை ஏதும் இல்லை. தொகுதி முடிவுகளை மட்டும் பார்த்தால் இந்த 4 பேரும் கண்ணில் படவே மாட்டார்கள். உங்கள் கணக்கு இடிப்பது அங்கேதான்.

இன்னொரு பொறி: ஜனாதிபதியும் ஒரு தொகுதியில் நின்று வெல்ல வேண்டும் என்ற விதி 1974 தேர்தலுக்குள் நீக்கப்பட்டுவிட்டது. கன்யே தோல்வி தந்த பயம்தான் காரணம் என்று பலரும் முடிச்சுப் போடுவார்கள். எப்படியானாலும், 1974 முதல் ஜனாதிபதியின் பெயரைத் தொகுதிப் பட்டியலில் தேடாதீர்கள்.

கோட்லா:
பத்தோயென் கொள்கைக்காக பி.என்.எஃப். போனவர் அல்ல. 1928 முதல் பங்வாகெட்சே மக்களின் தலைவர். சுதந்திரத்தை ஒட்டி வந்த சட்டங்கள் தலைவர்களின் கையைக் கட்டிப்போட்டன. 1968-ன் பழங்குடி நிலச் சட்டம் நிலம் ஒதுக்கும் உரிமையை நில வாரியங்களுக்குக் கொடுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 1970-ல். அதே 1968-ல் வந்த மத்திமேலா சட்டத்தால், உரிமையாளர் தெரியாமல் திரியும் மாடுகள் மாவட்ட மன்றத்தின் வசம் போயின. மாடே சொத்தாக இருக்கும் ஊரில் அது சின்ன இழப்பல்ல.

பதவியில் இருக்கும் தலைவர் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. அதனால் 1969-ல் பட்டத்தை மகன் நான்காம் செபாபிட்சோவிடம் விட்டுவிட்டுத் தேர்தலில் இறங்கினார். கட்சியைத் தொடங்கிய கென்னத் கோமா மார்க்சியம் பேசியவர். இருவருக்கும் பொது எதிரி ஒன்று, அவ்வளவுதான் பொருத்தம். அந்த ஆண்டு பி.என்.எஃப். வென்ற 3 இடங்களும் பங்வாகெட்சே பகுதியிலேயே இருந்தன. ஆகவே இதைக் கட்சி அலை என்று குறிப்பு எழுதினால் தவறு. தலைவருக்கு விழுந்த வாக்கு என்று எழுதுங்கள். 1980-களின் நடுப்பகுதி வரை அவர்தான் உறுப்பினர்.

எல்லைக்கல்:
ஒரே வரிசையில் எழுதாதீர்கள். மொத்த இடங்கள் 1965, 1969-ல் 31, 1974, 1979-ல் 32, 1984, 1989-ல் 34, 1994, 1999-ல் 40, 2004 முதல் 2019 வரை 57, 2024-ல் 61. ஒவ்வொரு தாவலிலும் எல்லை வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். பெயர் அதேதான், உள்ளே இருக்கும் கிராமங்கள் வேறு. எண்ணிக்கை மாறும் ஆண்டுகளில் கோடு போட்டு வரிசையை உடையுங்கள். கோட்டைத் தாண்டி வாக்கு வித்தியாசத்தை ஒப்பிட வேண்டாம். 2014-ல் கெசுபிலே (அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணியான யு.டி.சி.), 2019-ல் க்வாபே (பி.டி.பி.) வென்றது வரைதான் ‘கன்யே தெற்கு’. 2024 பட்டியலில் கன்யே கிழக்கு, கன்யே மேற்கு என்று இருக்கிறது.

கபரோனே தெற்குத் தொகுதியையும் கையோடு பார்த்துவிடுங்கள். 1984-ல் துணை ஜனாதிபதி பீட்டர் ம்மூசி அங்கே கோமாவை வென்றதாக அறிவித்தார்கள். பிறகு திறக்கப்படாத ஒரு வாக்குப்பெட்டி கிடைத்தது. முடிவு ரத்தாகி, மறுதேர்தலில் கோமா வென்றார். ம்மூசியும் மசிரே போன வழியிலேயே சபைக்குத் திரும்பினார். இதனால் 1984-க்குச் சில அட்டவணைகளில் பி.டி.பி. 29, பி.என்.எஃப். 4 என்றும், சிலவற்றில் 28, 5 என்றும் இருக்கும். இரண்டும் சரிதான், தேதிதான் வேறு.

வாக்குப்பெட்டி:
அப்படியானால் சிறப்பு உறுப்பினர்களைத் தொகுதி வரிசையிலேயே அடிக்குறிப்பாகப் போட்டால் போதுமா?

மறுஎண்ணிக்கை:
வேண்டாம், தனி அட்டவணை போடுங்கள். அடிக்குறிப்பாகப் போட்டால் 1969-ல் கன்யே தெற்குக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்த மாதிரி தெரியும். பெயர், பதவியேற்ற தேதி, அதற்கு முன் தோற்ற தொகுதி (இருந்தால்) என்று மூன்று பத்தி போதும்.