நீண்ட காலப் பயிற்சிக்குப் போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நான் மத்திய அரசு ஊழியன். மதுரையிலிருந்து ஹைதராபாத்துக்குப் பத்து மாதப் பயிற்சி, இப்போது ஏழாவது மாதம் ஓடுகிறது. கிளம்பும்போது ஆபீஸில் எல்லோரும் "டூர் மாதிரிதான், தினப்படி வரும்" என்றார்கள். நானும் அதை நம்பி, தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டேன். 180 நாள் முடிந்ததும் தினப்படி நின்றுபோனது. இங்கே அறை வாடகை, அங்கே வீட்டு வாடகை, இரண்டுமே சம்பளத்திலிருந்துதான் போகின்றன.

பயிற்சி 180 நாளைத் தாண்டினால் நமக்கு இரண்டு வழி உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. டூர் கணக்கில் பயணப்படியும் 180 நாள் தினப்படியும் வாங்கலாம். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் போலவே குடும்பப் பயணம், சாமான் லாரி, இடம் மாறும் செலவுக்கு மொத்தமாகத் தரும் டிரான்ஸ்ஃபர் கிராண்ட் எல்லாம் வாங்கலாம். அந்த கிராண்ட் அடிப்படைச் சம்பளத்தில் 80%. பே லெவல் 6 என்ற சம்பள நிலையில் ஆரம்பச் சம்பளமான 35,400-க்கே 28,320 ரூபாய் வருகிறது. விடுதியும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்கிறவருக்குக் கணக்கு வேறு. என்னைப் போல வெளியே தங்கி, மனைவி, குழந்தையைப் பிரிந்திருப்பவர் கிளம்பும் முன்பே உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

பதில்

சார், நான் டிரான்ஸ்ஃபர் கணக்கைத்தான் தேர்ந்தெடுத்தேன். கிராண்ட் சிக்கல் இல்லாமல் வந்தது. சாமான் பில்தான் என்னை அலைய விட்டது.

ஜூன் 3-ஆம் தேதி லாரியில் ஏற்றினோம். வழியில் வேறு லாரிக்கு மாற்றி, 9-ஆம் தேதி மாலைதான் இறக்கினார்கள். அம்மாவின் தையல் மெஷினைக் கடைசியாக இறக்கி வைத்துவிட்டு, டிரைவர் ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன், தேதி போடவில்லை. ரசீதில் இருந்தது புக்கிங் தேதி மட்டும்தான். ஆகஸ்ட் 4-ஆம் தேதி பில் கொடுத்தேன். ஜூன் 3-இலிருந்து எண்ணி, 60 நாள் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள்.

பயணம் முடிந்து பில் கொடுக்க ஒரு வருடமாக இருந்த கெடு 2018 மார்ச்சில் 60 நாளாகக் குறைந்தது எல்லோருக்கும் தெரியும். அதே ஆணையில் இன்னொன்றும் இருக்கிறது: ஊழியரும் குடும்பமும் தனித்தனியாகப் பயணம் செய்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் 60 நாள் தனியாக எண்ண வேண்டும். சாமானுக்கு, அது வந்து சேர்ந்த நாளிலிருந்து. லாரி கம்பெனியிடம் டெலிவரி தேதியைக் குறித்து ஒரு கடிதம் வாங்கி, அந்தப் பத்தியில் கோடு போட்டு இணைத்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, சார். கைக்காசைப் போட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களை இப்படி அலைக்கழிக்கவே கூடாது.

பதில்

மேடம் சொன்னது எனக்குப் புதிது, நன்றி. என்னுடையது இரண்டு வருடப் பயிற்சி. ஆகஸ்டில் சேர்ந்தேன், மகளுக்குப் பொதுத்தேர்வு என்பதால் குடும்பம் ஏப்ரலில்தான் வர முடிந்தது. குடும்பம் நமக்கு ஒரு மாதம் முன்பாகவோ, ஆறு மாதத்துக்குள்ளாகவோ வர வேண்டும் என்பது விதி. தேர்வு அட்டவணையை இணைத்து, நவம்பரிலேயே நீட்டிப்பு கேட்டு எழுதினேன், கிடைத்தது. காலம் முடிந்த பிறகு கேட்ட நண்பர் ஒருவருக்குக் குடும்பத்தின் ரயில் கட்டணம்கூட வரவில்லை.

பதில்

முதலில் எழுதியவன்தான். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அடுத்த பேட்ச்சில் வரப்போகிற எங்கள் ஆபீஸ் தம்பிக்கு இதையெல்லாம் அப்படியே அனுப்பிவிட்டேன். அவருக்குப் பயிற்சி ஆணை வந்து நாலு நாள்தான் ஆகிறது. இரண்டில் எந்த வழி வேண்டும் என்ற விருப்பக் கடிதம் இன்னும் கொடுக்கவில்லையாம், நாளைக் காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.