கல்ச்சர் பெஞ்சை விட்டு வெளியே வரலாமா?

வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்து, மதுரையில் ஒரு தனியார் லேபில், நோயாளிகளின் மாதிரிகளில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பெஞ்சில் மூன்று வருடமாக இருக்கிறேன். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வாடை, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கும் முல்லர் ஹின்டன் பிளேட்டில் ஸ்கேலை வைத்து, மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத ஜோனை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது, எல்லாம் பிடித்த வேலைதான். ஆனால் போன மாதம் ஒரே தெருவிலிருந்து நான்கு பேர் ரத்தத்தில் டைபாய்டு கிருமி வளர்ந்தது. ரிப்போர்ட் அடித்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. அந்தத் தெருக் குழாயை யாராவது போய்ப் பார்த்தார்களா? தெரியவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை) இருக்கிறதே, இரண்டு வருடப் படிப்பு, அதில் படித்தவர்கள் இங்கே உண்டா? எம்.பி.பி.எஸ். இல்லாத எங்களை வேலைக்கு எடுக்கும்போது எப்படிப் பார்க்கிறார்கள்? அப்புறம், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் புராஜெக்ட் வேலை பார்த்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் எங்கே போனீர்கள்?

வீட்டில் பி.எட். போடச் சொல்கிறார்கள். அதை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.