இந்த பர்ப்பிள் மார்ட்டின் ஆணா, பெண்ணா?

வணக்கம். ஹூஸ்டன் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் கம்பம் நட்டு, சுரைக்குடுவை வடிவக் கூடுகள் தொங்கவிட்டிருக்கிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பர்ப்பிள் மார்ட்டின்கள் (தகைவிலான் குடும்பப் பறவைகள்) இப்போது பச்சை இலைகளை உள்ளே கொண்டுபோகின்றன. முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்டது.

ஒரு பறவைதான் குழப்புகிறது. வெளுத்த வயிறு, தொண்டையில் அங்கங்கே கருநீல இறகு. கூட்டு வாசலில் உட்கார்ந்து ஓயாமல் பாடுகிறது, பக்கத்தில் வரும் ஆண்களை விரட்டுகிறது. ஆணுக்கு முழு நிறம் வர இரண்டு வருடம் ஆகும் என்பதால், இது போன வருடம் பொரித்த இளம் ஆண் என்று நினைக்கிறேன். சரிதானா? பாட்டை வைத்து உறுதிசெய்ய முடியுமா?

அப்புறம், சிட்டுக்குருவிகள் ஒரு கூட்டைப் பிடித்துவிட்டன. இவை மார்ட்டின் முட்டைகளை உடைத்துவிடும் என்பதால் பயமாக இருக்கிறது. மார்ட்டின்களைக் கலைக்காமல் குருவிக் கூட்டை எந்த நேரத்தில் எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.