மலைப்பாம்பு சுற்றிய ஆள் எழும்பலாமா? (ஐந்தாம் பதிப்பு, உதவி தேவை)

லயத்துப் பகடை:
ஹட்டன் பக்கம் நாங்கள் நாலு பேர் போயா லீவுக்குக் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், பகடை போட்டு ஆளுக்கொரு பாத்திரமாய்க் கதை நடத்தும் விளையாட்டு, ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப் புத்தகம். இந்தக் கதை தேயிலை மலையிலேயே நடக்கிறது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்து என் ஆளைத் தள்ளிவிட்டது, ப்ரோன், அதாவது விழுந்து கிடக்கும் நிலை. எழும்புவதற்குள் வடிகானுக்குள் கிடந்த மலைப்பாம்பு சுற்றிவிட்டது, கிராப்பிள்ட் (பிடிபட்ட நிலை), கூடவே ரெஸ்ட்ரெயின்ட் (கட்டுண்ட நிலை). என் முறையில் பாதி வேகத்தைக் கொடுத்து எழும்புகிறேன் என்றால், கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் மாஸ்டர் முடியாது என்கிறார். சரி, பிடியை உதறுகிறேன் என்றால், கட்டுப்பட்டுக் கிடக்கிறாய், டிஸ்அட்வான்டேஜ், இரண்டு தரம் போட்டுச் சின்னதை எடு என்கிறார். 17, 6. தேவை 14. வயிறு எரிகிறது. மாஸ்டர் சொந்த அண்ணன், சோற்றுத் தட்டிலும் இதே சண்டை.

பண்டாரவளை அக்கா:
தம்பி, எழும்ப முடியாது என்றது சரிதான். பிடிபட்டவனுக்கு வேகம் பூச்சியம், பூச்சியத்தில் பாதியைக் கொடுத்து யாரும் எழும்ப முடியாது. முதலில் பிடி விட வேண்டும். ஆனால் உதறுவதற்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லை. ரெஸ்ட்ரெயின்ட் கெடுப்பது உன் தாக்குதலையும் விலகித் தப்பப் போடும் டெக்ஸ்டெரிட்டி சேவ் பகடையையும்தான், பிடியை உதறப் போடும் அத்லெட்டிக்ஸ் பகடையை அது தொடாது. அந்த 17 உன்னுடையது.

டிக்கோயாக்காரன்:
தூரத்தில் நின்று எவனாவது அம்பு விட்டானா? விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து அடித்தால் டிஸ்அட்வான்டேஜ், கட்டுண்டவனை அடித்தால் அட்வான்டேஜ், இரண்டு தரம் போட்டுப் பெரியதை எடுப்பது, ரெண்டும் ஒன்றையொன்று வெட்டி ஒரே பகடை. எங்கள் மேசையில் இதற்கே ஒரு பிளேன்டீ ஆறிப்போனது.

லயத்துப் பகடை:
அம்பு இல்லை அண்ணே. அக்கா, அண்ணனுக்குக் காட்டினேன், சிரிக்கிறார். முந்தின இரவு தூங்காமல் மலை ஏறியதில் என் ஆளுக்கு எக்ஸாஸ்ஷன், அதாவது களைப்பு, ஒரு படி இருக்கிறதாம். நான் மறந்தே போனேன்.

பண்டாரவளை அக்கா:
அதை முதலே சொல்லக் கூடாதா! 2014இல் களைப்பு முதல் படியிலேயே எல்லா எபிலிட்டி செக்குக்கும் (திறமைக்குப் போடும் பகடை, உதறுவதும் அதில் ஒன்று) டிஸ்அட்வான்டேஜ். 6தான் செல்லும். அண்ணன் சொன்ன காரணம் பிழை, தீர்ப்பு சரி. 2024 புத்தகம் என்றால் படிக்கு 2 கழித்திருப்பீர்கள், 17 போட்டு 15, தப்பியிருப்பாய்.

லயத்துப் பகடை:
அந்தப் புத்தகத்துக்கு நாலு பேரும் காசு சேர்க்கிறோம். அதுவரை என் ஆள் கானுக்குள்தான்.