புதுப்பிப்பு: பண்டாரவளை வீட்டுக்கு ஈ, நுளம்பு மெஷின்

குசினியில் ஈ, படுக்கையறையில் நுளம்பு. இரண்டுக்கும் ஒரே மின்கருவி போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

பூச்சியை வெளிச்சத்தால் இழுத்து மின்சாரத்தால் கொல்லும் நீல விளக்கு மெஷினையே வாங்கினேன். ஒரு வாரம் கழித்துத் தட்டை இழுத்துப் பார்த்தால் விட்டில்களும் சின்ன வண்டுகளும்தான். நுளம்பு இரண்டோ மூன்றோ. அது வெளிச்சத்தைவிட நம் மூச்சையும் உடல் சூட்டையும் தேடித்தான் வரும் என்று ஒருவர் எழுதியது சரி. ஜன்னலை விட்டுத் தள்ளி, இருட்டு மூலையில் தாழ்வாக வைத்த பிறகு ஈ நன்றாக விழுகிறது.

நுளம்புக்குக் கைகொடுத்தது இன்னொருவர் சொன்ன மேசை ஃபேன். கால்மாட்டில் ஓடவிட்டால் அந்தக் காற்றில் அதால் பறந்து வந்து உட்கார முடிவதில்லை. ஆனால் நம்ம ஊர்க் குளிரில் விடியற்காலை இரண்டு போர்வை வேண்டியிருக்கிறது. அதை மட்டும் யாரும் சொல்லவில்லை!