வீட்டில் சார்ஜ் ஏறுகிறது, பாஸ்ட் சார்ஜ் மட்டும் நின்றுவிடுகிறது: பற்றரிதான் காரணமா?

உப்புவெளி_கடற்கரை வீதி
வணக்கம். என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த 2014 பிளக்-இன் ஹைபிரிட், பிளக்கில் சார்ஜ் பண்ணியும் பெற்றோலிலும் ஓடுகிற கார். 12 கிலோவாட்-அவர் (kWh) பற்றரி, பாஸ்ட் சார்ஜுக்குச் சாடெமோ என்கிற ஜப்பான் முறைச் சொக்கெற். வீட்டில் இரவு பிளக் போட்டால் விடியமுன் நிறைந்துவிடும். பாஸ்ட் சார்ஜரில் செருகினால் பூட்டுகிற சத்தம் கேட்கும், பத்துப் பதினைந்து செக்கனில் பிழை காட்டி நின்றுவிடும். கார்த்திகை மழை தொடங்கியதில் இருந்து இப்படித்தான். மாதம் இருமுறை அம்மாவைக் கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப் போகிறேன், கந்தளாய் தாண்டமுன் பெற்றோலுக்கு மாறிவிடுகிறது. ஒரு கராஜில் பெரிய பற்றரியையே மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு காசுக்கு வழியில்லை. உண்மையில் பற்றரிதானா?

கிண்ணியா_பாலத்தடி
இரண்டு வேறு சார்ஜரில் போட்டுப் பார்த்தீர்களா? அப்புறம், சின்ன 12 வோல்ட் பற்றரியையும் அளந்து பாருங்கள். அது தளர்ந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் தடுமாறும்.

உப்புவெளி_கடற்கரை வீதி
மூன்று சார்ஜரிலும் அதே கதை. சின்னது 12.6 வோல்ட் காட்டுகிறது.

சீனக்குடா_வயரிங்
தம்பி, பற்றரிக்குக் காசு கட்டாதீர்கள். சார்ஜ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சாடெமோவில் செருகியதும் காரும் சார்ஜரும் மெல்லிய வயர்கள் வழியாகப் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு சரிவராவிட்டால் கன், அதாவது சார்ஜர் கேபிளின் கைபிடி முனை, பூட்டவே பூட்டாது. உங்களுக்குப் பூட்டுகிறது, ஆகவே பேச்சு நடந்துவிட்டது. அடுத்தது, சார்ஜர் கேபிளில் வோல்ட்டேஜைக் கொடுத்து மின் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். அது தேறிய பிறகுதான் காருக்குள் இருக்கிற பெரிய ரிலே, பற்றரியை இணைக்கிற சுவிட்ச், 'டக்' என்று மூடும், கரண்ட் ஓடும். அந்த 'டக்' உங்களுக்குக் கேட்டதா?

கேட்கவில்லை என்றால் கசிவுச் சோதனையிலேயே விழுகிறது. அந்த நேரம் ரிலே திறந்துதான் இருக்கும், பெரிய பற்றரி அந்தப் பாதையில் சேரவே இல்லை. சோதனை படுவது கேபிள், காரின் சொக்கெற், அதிலிருந்து ரிலே வரைக்கும் போகிற தடித்த வயர், இவ்வளவுதான். 'டக்' கேட்டு, கரண்ட் ஏறத் தொடங்கிய பிறகு நின்றால்தான் செல், சூடு என்று பற்றரிப் பக்கம் தேட வேண்டும். வீட்டுச் சார்ஜ் வேறு சொக்கெற், வேறு பாதை. அதனால்தான் அது நன்றாக ஏறுகிறது.

கடற்கரையில் நிறுத்துகிறீர்கள், மழையோடு தொடங்கியது என்கிறீர்கள். சொக்கெற்றுக்குள் உப்பும் ஈரமும்தான் என்று நினைக்கிறேன். அதன் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும், அடைத்திருக்கிறதா பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்துங்கள், கை விடாதீர்கள். உள்ளே 300 வோல்ட் சமாசாரம். பெரிய பற்றரியின் கரண்டைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றத் தெரிந்த ஒருவர்தான் துப்புரவாக்க வேண்டும். பின்களை அரத்தாளால் தேய்க்க விடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

உப்புவெளி_கடற்கரை வீதி
அண்ணா, நேற்று காதைக் கொடுத்துக் கேட்டேன். பூட்டுச் சத்தம் மட்டும்தான், பிறகு ஒன்றுமே இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் துளையில் மணல் இறுகிப்போய்க் கிடக்கிறது, ஒரு சின்னப் பின்னில் பச்சைக் களிம்பும் இருக்கிறது. மூடியின் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது.

சீனக்குடா_வயரிங்
ரப்பர்தான் தொடக்கம். அதை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். துப்புரவாக்குகிறவரிடம் மின் கசிவை அளக்கிற மெகர் கருவி இருந்தால் சொக்கெற்றின் இரண்டு பெரிய பின்னுக்கும் காரின் இரும்பு உடலுக்கும் இடையில் அளந்து தரச் சொல்லுங்கள், முன்னும் பின்னும்.

உப்புவெளி_கடற்கரை வீதி
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மணல் எடுத்து, கிளீனர் அடித்து, ஒரு பகல் காயவிட்டு, புது ரப்பர் போட்டோம். ஞாயிறு கொழும்பு போகிற வழியில் செருகினேன். பூட்டியது, 'டக்' என்றது, 80 சதவீதம் வரைக்கும் நிற்காமல் ஏறியது. அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அண்ணா, உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.