சீமைக்கருவேலங்கரியை மண்ணில் இட்டால் கார்பன் கிரெடிட் கிடைக்குமா?

முதுகுளத்தூர் சம்சாரி:
நண்பர்களுக்கு வணக்கம். எங்களுடைய 8 ஏக்கர் மானாவாரிக் கரிசலில் 3 ஏக்கரைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி, மூட்டம் போட்டு, கரியை வியாபாரியிடம் விற்றுவிடுவது வழக்கம். சென்ற மாதம் வந்த ஒரு முகவர், இதே கரியை உயிர்க்கரி என்று பதிவு செய்தால் கரி விற்ற பணத்தோடு கார்பன் கிரெடிட் பணமும் சேர்ந்து வரும் என்று சொல்லி, பதிவுக் கட்டணமாக 5,000 ரூபாய் கேட்டார். மரத்தைச் சுட்டுக் கரியாக்குவது புவி வெப்பமாவதை எப்படிக் குறைக்கும் என்பதே எனக்கு விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசம்:
ஐயா, மண்ணில் இடுவதற்காகக் காற்றை அடைத்துச் சுடும் கரியே உயிர்க்கரி. காற்றில் சேராமல் நிறுத்திவைத்த கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் தரும் சான்றே கார்பன் கிரெடிட்; தங்கள் புகைக்கு ஈடாக நிறுவனங்கள் அதைப் பணம் கொடுத்து வாங்குகின்றன. விற்ற கரி அடுப்பில் எரிந்துவிட்டால் அதிலிருந்த கார்பன் முழுவதும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது என்பதால், அதற்குக் கிரெடிட் கிடையாது. மண்ணில் இட்டதற்கோ, கான்கிரீட் போன்ற எரியாத பொருளில் கலந்ததற்கோ சான்று காட்டினால்தான் அது கணக்கில் ஏறும். ஆகவே ஒரே கரிக்கு இரண்டு பணம் என்பது நடக்காத காரியம்.

உங்கள் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். மரம் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தன் உடம்பில் கட்டிக்கொள்கிறது. மரத்தை மட்கவிட்டாலும் எரித்தாலும் அது திரும்பிப் போய்விடும். காற்றை அடைத்து 500, 600 டிகிரி செல்சியஸில் கரியாக்கும்போதோ, மரத்திலிருந்த கார்பனில் ஏறத்தாழப் பாதி, நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாத வடிவத்துக்கு மாறி மண்ணில் நூற்றாண்டுக்கணக்கில் தங்குகிறது. அமேசான் பகுதியில் பழங்குடி மக்கள் கரியும் குப்பையும் சேர்த்து உருவாக்கிய நிலம் பல நூற்றாண்டுகள் கடந்தும் கறுப்பாகவே இருப்பதே இதற்குக் கண்கூடான சாட்சி. ஒரு டன் உலர்ந்த கரியில் 75% கார்பன் இருந்தால், அது 2.75 டன் கரியமில வாயுவுக்குச் சமம். வெட்டுக்கும் வண்டிக்கும் ஆன புகையையும், காலப்போக்கில் சிதையும் பங்கையும் கழித்த பிறகு மிஞ்சுவதே கிரெடிட்.

வைகைக்கரை:
மேலே சொன்ன கணக்கு, கரி எப்படிச் சுடப்படுகிறது என்பதைப் பொறுத்தே நிற்கும். நம் பக்கத்து மூட்டத்தில் விறகை அடுக்கி, தழையும் ஈரமண்ணும் போர்த்தி, நாள்கணக்கில் புகையவிடுகிறோம். முதலில் கிளம்பும் கெட்டியான வெள்ளைப் புகையில் நீராவியோடு மீத்தேனும் போகிறது. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சேமித்த கார்பனின் பயனில் கணிசமான பங்கை அந்தப் புகையே தின்றுவிடக்கூடும்.

நான் மூன்று ஆண்டுகளாகச் செய்வது கூம்புக்குழி முறை. மேலே அகன்று கீழே ஒடுங்கிய குழியில் சுள்ளியைப் பற்றவைத்து, மேலடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் பரப்ப வேண்டும். மேலே எரியும் சுவாலை, கீழிருந்து வரும் புகையைத் தின்றுவிடுவதோடு காற்றையும் உள்ளே விடாது. குழி நிரம்பியதும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். நன்றாக வெந்த கரியைத் தேய்த்த கை வெறும் தண்ணீரிலேயே சுத்தமாகும். பிசுபிசுத்தால் தார் இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று, கரிசல் ஏற்கனவே காரத்தன்மை உள்ளது, உயிர்க்கரியும் காரம்தான். அமில மண்ணில் கிடைப்பது போன்ற விளைச்சல் ஏற்றத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். வெறும் கரியை நேரடியாக இட்டால் அது பயிருக்குரிய தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொழுவுரத்தில் சில வாரங்கள் ஊறவைத்த பிறகே இட வேண்டும்.

கணக்கன்:
சந்தைப் பக்கத்தைச் சொல்கிறேன். பின்லாந்தில் 2019இல் தொடங்கிய பியூரோ எர்த்தும், 2022இல் உயிர்க்கரிக்குத் தனி விதிமுறை வெளியிட்ட வெர்ராவும், கிரெடிட்டுக்கு விதி வகுத்துப் பதிவு செய்து வழங்கும், இத்துறையில் அறியப்பட்ட பதிவகங்கள். 2025 ஜனவரியில், இந்தியாவின் வராஹா நிறுவனத்திடமிருந்து 2030க்குள் 1,00,000 டன் அளவுக்கு உயிர்க்கரிக் கிரெடிட் வாங்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. குஜராத்தில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலமே அதற்கு மூலப்பொருள். ஆகவே உங்கள் காட்டு மரத்துக்கு மதிப்பு உண்டு என்பது பொய்யல்ல.

ஆனால் ஆய்வகச் சோதனை, தணிக்கை, ஒவ்வொரு மூட்டைக்கும் பதிவு ஆகிய செலவுகளைத் தனி விவசாயி தாங்க முடியாது. பலரை ஒன்றுசேர்க்கும் திட்ட நிறுவனம் அந்தச் செலவைத் தானே ஏற்று, விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்றோ பங்கு என்றோ கொடுப்பதே முறை. முன்பணம் கேட்பவரிடம் எந்தப் பதிவகம், எந்தத் திட்ட எண், கிரெடிட்டின் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மண்வாசம்:
ஒரு கவலையையும் பதிவு செய்கிறேன். 2010இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வு, உணவு உற்பத்தியும் காடும் கெடாமல் உயிர்க்கரியால் ஈடுகட்டக்கூடிய உச்ச அளவு, அன்றைய உலக உமிழ்வில் 12% என்று மதிப்பிட்டது. கழிவையும் களைமரத்தையும் பயன்படுத்தினால்தான் அந்த அளவு. கரிக்காகவே நல்ல மரத்தை வெட்டத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

முதுகுளத்தூர் சம்சாரி:
அனைவருக்கும் நன்றி. முகவரிடம் அந்த மூன்றையும் தொலைபேசியில் கேட்டேன்; திட்ட எண் இன்னும் வரவில்லை என்றார். பணம் கொடுக்கப்போவதில்லை. மழைக்கு முன் வரப்போரம் ஒரு கூம்புக்குழி வெட்டி, வரும் கரியைச் சாணத்தில் ஊறவைத்து, கரிசலில் வேண்டாம் என்று, வீட்டுக்குப் பின்னால் அண்ணன் வைத்திருக்கும் செம்மண் கத்தரித் தோட்டத்தில் நான்கு பாத்திக்கு மட்டும் இடுகிறேன். இடாத நான்கு பாத்தியையும் சேர்த்து எடை போட்டு எழுதுகிறேன்.